விற்பவன் முகம் மறைந்த கடை

1929 மார்ச் 31. நியூயார்க் நகரின் ஐந்தாவது அவென்யூவில் ஈஸ்டர் பவனி. நல்ல உடை உடுத்திய இளம்பெண்கள் சிலர், கூட்டத்தின் நடுவே சிகரெட்டைப் பற்ற வைத்தார்கள். பெண்கள் தெருவில் புகைப்பது அமெரிக்காவிலேயே இழுக்காகக் கருதப்பட்ட காலம் அது. அவர்கள் ஏந்தியது சிகரெட் அல்ல, 'சுதந்திரச் சுடர்' என்றார்கள். மறுநாள் பத்திரிகைகளில் அதுவே செய்தி. பெண்ணுரிமைப் போராட்டத்தில் இன்னொரு கட்டம் போலிருக்கிறது என்று எத்தனை பேர் நினைத்தார்களோ!

அவர்களை நடக்க வைத்தது யார் தெரியுமா? லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் தயாரித்த அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ்.

பி.பி.சி. 2002-ல் ஒளிபரப்பிய 'சுயத்தின் நூற்றாண்டு' என்ற ஆவணப்படம் இந்தக் கதையைத்தான் முதல் பகுதியில் விரிக்கிறது. எடுத்தவர் ஆடம் கர்ட்டிஸ். நான்கு பகுதிகள். பழைய செய்திப்படங்களையும் விளம்பரத் துண்டுகளையும் அடுக்கி, தன் குரலிலேயே கதை சொல்லிக்கொண்டு போகிறார். நம் இளைஞர்கள் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம்.

உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டு, பெர்னேஸுக்குத் தாய்மாமன். பெர்னேஸின் அத்தைதான் ஃப்ராய்டின் மனைவி. நம் ஊர் வழக்கில் சொன்னால், பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். மனிதன் தன் அறிவால் மட்டும் நடப்பதில்லை, ஆழ்மன ஆசைகளும் அவனை ஆட்டி வைக்கின்றன என்றார் மாமா. மாமா அதை நோய் தீர்க்கக் கையாண்டார். மருமகன் சரக்கு விற்க எடுத்துக்கொண்டார். பிரில் என்ற மனநல மருத்துவருக்குப் பணம் கொடுத்து, பெண்களின் மனதில் சிகரெட்டுக்கு என்ன பொருள் என்று கேட்டார். அது ஆணாதிக்கத்தின் சின்னம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் பிறந்ததே பவனி.

பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று நம் வணிகர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இங்கே நடந்தது வேறு. விற்பவனையே மறைத்துவிட்டார்கள்! கடைக்காரர் தன் கடையில் நின்று, தன் பெயரில், 'என் சரக்கு நல்ல சரக்கு' என்று சற்று மிகைப்படுத்திச் சொன்னாலும் வாங்குபவர் உஷாராக இருந்துகொள்வார். உரிமைப் போராட்டம் என்ற முகமூடியோடு வருபவனிடம் எப்படி உஷாராக இருப்பது?

சிகரெட்டோடு நின்றதா இது? குவாத்தமாலாவில் ஜனாதிபதி அர்பென்ஸ் 1952-ல் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தார். யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியின் தரிசு நிலங்களும் அதில் போயின. அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர் அதே பெர்னேஸ். அமெரிக்கப் பத்திரிகையாளர்களை அங்கே அழைத்துச் சென்றார். கம்யூனிச ஆபத்து என்று செய்திகள் குவிந்தன. 1954-ல் சி.ஐ.ஏ. அர்பென்ஸைக் கவிழ்த்தது. செய்தி படித்த சாமானிய அமெரிக்கருக்கு வாழைப்பழ வியாபாரியின் முகம் தெரிந்திருக்குமா?

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பெர்னேஸின் சாமர்த்தியத்தை அளவுக்கு மீறி நம்பிவிடுகிறது. அந்தப் பவனிக்கு முன்பே அமெரிக்கப் பெண்களிடம் புகைப்பழக்கம் பரவிக்கொண்டிருந்தது. பவனியின் பெருமையை அதிகம் பரப்பியவரும் பெர்னேஸ்தான். 103 வயது வரை வாழ்ந்து, 1995-ல் இறந்தவர். தன்னையும் ஒரு சரக்காக விற்கத் தெரிந்தவர் சொன்னதை எடை போடாமல் வாங்கலாமா, கர்ட்டிஸ்?

ஆனாலும் முகத்தை மறைக்கும் அந்த வித்தை பொய்யல்ல. இன்று கைப்பேசியில் ஒருவர் நண்பனைப் போலப் பேசி, தான் உடுத்தும் சட்டையையும் குடிக்கும் பானத்தையும் காட்டுகிறார். காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாரா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? நம் வணிகர்களிலும் சிலர் இப்படி ஆள் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பிடிக்கட்டும். 'இது என் கடை விளம்பரம்' என்று முதல் வரியிலேயே சொல்லச் சொல்வதற்கு என்ன தயக்கம்?