சீலிங்கை மூடுமுன் கேட்கவேண்டிய கேள்வி

யாழ்ப்பாணத்தில் குடும்பம் பெருகும்போது வீட்டின் பின்புறம் ஒரு பத்தி இறக்குவது வழமை. முன்னர் அதற்குப் பனையோலையோ கிடுகோ வேய்ந்தார்கள். பின்னர் ஓடு வந்தது. இப்போது பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் அல்லது உலோகத் தகடு. அடியில் சீலிங் அடித்துவிட்டால் அறை அழகாகிவிடுகிறது. அந்த அறையைத்தான் வயதுபோன தாய் தந்தையருக்கு ஒதுக்குகிறோம். வீட்டிலேயே வெக்கை கூடிய அறையும் அதுவே.

காரணம் எளியது. ஓலை தானே வெப்பத்தைத் தடுத்தது. ஓடுகளின் இடுக்குகள் சூடான காற்றை வெளியேற்றின. தகடோ வெயிலில் காய்ந்து வெப்பத்தைக் கீழ்நோக்கிக் கதிர்க்கிறது. சீலிங் அதை வாங்கி அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அந்த வெக்கையைச் சுழற்றுமே தவிரக் குறைக்காது.

பெரிய வீட்டின் முகட்டுக்குள் ஆள் ஏறலாம். பத்தியின் கூரையோ தாழ்வானது. ஓரத்தில் ஒரு சாண் இடைவெளிகூட இராது. ஆகவே அஸ்பெஸ்டஸ் தகட்டைத் துளைத்தோ உடைத்தோ உள்ளே எதையாவது திணிக்கலாம் என்கிறார்கள். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வெள்ளை அஸ்பெஸ்டஸையும் பிரித்தானியா 1999இல் தடைசெய்துவிட்டது. இங்கே அந்தத் தூசைச் சுவாசிப்பவர் நாட்கூலிக்கு வந்த தொழிலாளி. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் செல்லும். அப்போது அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

எட்டாத இடத்துக்கு மாற்றுவழி கீழிருந்தே உண்டு. பழைய சீலிங்கை அசைக்காமல், அதன் அடியில் வெப்பந்தடுக்கும் பலகை பொருத்தி, ஜிப்சம் பலகையால் மூடலாம். அறையின் உயரம் சில அங்குலம் குறையும், அவ்வளவுதான். மின்குமிழ்களையும் வயர்களையும் பலகைக்குள் புதைக்காதிருப்பது அவசியம்.

புதிதாகக் கட்டுவோருக்கு வேலை இன்னும் இலகு. கூரை போடும்போதே தகட்டின் கீழ் அலுமினியத் தாள் விரிக்கவேண்டும். அதன் மினுங்கும் பக்கம் கீழ்நோக்கி, ஓரங்குலமாவது காற்றிடைவெளியைப் பார்த்திருக்கவேண்டும். மேல்நோக்கினால் தூசு படிந்து பயன் குன்றும். கூரையின் தாழ்ந்த ஓரத்திலும் உயர்ந்த ஓரத்திலும் வலையடித்த காற்றுவழிகள் தேவை.

புலம்பெயர்ந்த பிள்ளைகள் வீடு கட்டப் பணம் அனுப்பும்போது தரைக்கு எந்த டைல்ஸ் என்று விசாரிக்கிறார்கள். சீலிங்கை மூடுமுன் மேலே என்ன விரித்தீர்கள் என்று கேட்பவர் அரிது. பெற்றோர் பார்த்துக்கொண்டு படுத்திருக்கப்போவது தரையை அல்ல, சீலிங்கைத்தான்.