பெயர் அட்லாண்டிக், ஊர் பசிபிக்

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிகளில் கிரிக்கெட்டைச் சேர்த்ததை நாம் கொண்டாடினோம். அதே பட்டியலில் லக்ராஸும் இருந்தது. வலை பின்னிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் இந்த ஆட்டம் வட அமெரிக்கப் பழங்குடியினர் தந்தது. இன்று அதை வளர்ப்பவை அமெரிக்கக் கல்லூரிகள்.

பிப்ரவரியில் தொடங்கி மே வரை நடக்கும் கல்லூரி சீசனைக் கணிக்க இப்போது அணியின் பலத்தோடு விமான அட்டவணையையும் பார்க்க வேண்டும். மேற்குப் பகுதியின் பசிபிக்-12 கூட்டமைப்பில் ஆறு பெண்கள் அணிகள் இருந்தன. அமெரிக்கக் கால்பந்தின் டிவி பணத்தைத் தேடிப் பல்கலைக்கழகங்கள் 2024ல் கலைந்தபோது ஆறும் சிதறின. தெற்கு கலிபோர்னியாவும் ஆரிகானும் பிக் டென்னுக்கு. கொலராடோவும் அரிசோனா ஸ்டேட்டும் பிக் 12க்கு. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்புக்கு.

லாபம் இல்லாமல் இல்லை. 2021 முதல் 2025 வரையிலான ஐந்து தேசியப் பட்டங்களில் நான்கு அட்லாண்டிக் அணிகளுக்கே போயின. வலுவான எதிரிகளோடு மோதினால் ஆட்டம் மெருகேறும். ஆனால் ஒரு லீக் ஆட்டத்துக்காக பாஸ்டனுக்கு 4,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் மாணவி வகுப்புக்கு எப்போது போவாள்?

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் லக்ராஸுக்காக மட்டும் பிக் டென்னில் சேர்ந்திருக்கிறது. அதுபோல, கால்பந்து எங்கு வேண்டுமானாலும் போகட்டும். லக்ராஸ் பெண்களைப் பக்கத்து ஊர்களோடு ஆடவிடலாமே.