அமெரிக்காவில் படிக்கும் பிள்ளை வரிக் கணக்கு காட்டினானா?

உத்திரமேரூர்—

"படிக்கப் போன பையன். ஏதோ பகுதி நேர வேலை பார்க்கிறான். அவனுக்கு எதுக்கு இன்கம்டாக்ஸ்?"

பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இப்படி நினைக்கும் பெற்றோர் உண்டு. பிள்ளைகளிலும் சிலர் அப்படியே இருந்துவிடுகிறார்கள். இது தவறு!

மாணவர் விசாவில் இருப்பவர் சம்பளம் வாங்கினால் அந்த நாட்டு அரசுக்கு வரிக் கணக்கு காட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஒழுங்காகக் கணக்கு காட்டினால் பெரும்பாலும் கைப்பணம் போகாது. பிடித்த பணம் திரும்பி வரும்!

கல்வெட்டு சொல்லும் சேதி

கணக்கு காட்டுவது நம்ம ஊருக்குப் புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலைத் தேர்தலுக்கு விதிமுறை சொன்ன கல்வெட்டு. 1,100 ஆண்டு பழசு.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்கிறது அது. அவன் மட்டுமல்ல, அவனுடைய தாய்மாமன், மாமனார், மருமகன், அத்தை மகன் வரை தகுதி இழந்தார்கள்! ஒருவன் கணக்கை மறைத்தால் குடும்பமே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் உறவினரைப் பிடிப்பதில்லை. ஆனால் பிள்ளை பிற்காலத்தில் நிரந்தரமாகத் தங்க 'கிரீன் கார்டு' கேட்டு மனுப் போடும்போது பழைய வரிக் கணக்குகளைக் கேட்கக்கூடும். அன்றைக்குக் கையைப் பிசைந்து பயனில்லை.

ஏப்ரல் 15 கெடு

அங்கே வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. சம்பளம் கொடுத்தவர் ஜனவரி முடிவுக்குள் 'டபிள்யூ-2' என்ற சம்பளச் சீட்டு தர வேண்டும். அதை வைத்து ஏப்ரல் 15-க்குள் கணக்கு அனுப்ப வேண்டும்.

புதிதாகப் போன மாணவருக்கு உரிய படிவம் '1040-என்.ஆர்.'. அதோடு '8843' என்ற படிவமும் உண்டு. ஒரு டாலர்கூட சம்பாதிக்காதவரும் 8843-ஐ அனுப்பியாக வேண்டும். அவர்களுக்குக் கெடு ஜூன் 15.

பலர் சறுக்குவது இங்கேதான். கூட இருக்கும் நண்பன் சொன்னான் என்று, உள்ளூர்க்காரர்களுக்கான சாதாரண 1040 படிவத்தைப் போட்டுவிடுகிறார்கள். தங்களுக்கு உரிமையில்லாத கல்விச் சலுகையையும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு திருத்தப் படிவம் போட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இந்தியருக்குத் தனிச் சலுகை

1989-ல் இந்தியாவும் அமெரிக்காவும் வரி ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் 21-வது பிரிவு நம்ம மாணவர்களுக்கு ஒரு சலுகை தருகிறது. வருமானத்தில் ஒரு தொகையை நிலையான கழிவாகக் கழித்துக்கொள்ளலாம். மற்ற நாட்டிலிருந்து புதிதாக வந்த மாணவருக்கு இந்தக் கழிவு கிடையாது.

2025-ம் ஆண்டு வருமானத்துக்கு, தனி நபருக்கு இந்தக் கழிவு 15,750 டாலர்.

கணக்கைப் பாருங்கள். கல்லூரி நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். மணிக்கு 15 டாலர் வீதம் 36 வாரம் உழைத்தால் 10,800 டாலர். கழிவோ அதைவிட அதிகம். மத்திய அரசு வரி பூஜ்யம்! சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் அவ்வளவும் திரும்பக் கிடைக்கும்.

கேட்டால்தான் கிடைக்கும். பொதுவாக 3 ஆண்டுக்குள் கேட்காவிட்டால் பணம் போனது போனதுதான்.

மாநில வரி வேறு கணக்கு. டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் சம்பளத்துக்கு வரி இல்லை. வேறு சில மாநிலங்கள் இந்த ஒப்பந்தத்தை ஏற்பதே இல்லை. எந்த மாநிலம் என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

10 ஆயிரத்துக்கு 765 டாலர்!

இன்னொரு பிடித்தம் இருக்கிறது. முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பு ஆகியவற்றுக்காகத் தொழிலாளர் சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடிப்பார்கள். மாணவர் விசாவில் உள்ளவருக்கு முதல் 5 ஆண்டுகள் இது கிடையாது.

படிப்பு முடிந்து பயிற்சி வேலைக்குப் போகும்போது விவரம் தெரியாத கம்பெனிகள் இதையும் பிடித்துவிடுவது உண்டு. 10 ஆயிரம் டாலர் சம்பளத்தில் 765 டாலர் காலி! முதலில் கம்பெனியிடமே திருப்பிக் கேட்க வேண்டும். மறுத்தால் '843' படிவத்தில் வரித்துறையிடம் கேட்கலாம்.

5 ஆண்டு முடிந்தால்...

டிசம்பர் கடைசி வாரத்தில் போய் இறங்கினாலும் அது ஒரு முழு ஆண்டாகவே கணக்கில் ஏறும். 5 ஆண்டு தாண்டியும் அங்கேயே தங்கி இருந்தால், பொதுவாக வரிச் சட்டப்படி உள்ளூர்க்காரர் ஆகிவிடுவார். அப்புறம் இந்தியாவில் வரும் வட்டியையும் அங்கே காட்ட வேண்டும்.

அப்பா இங்கே பேங்கில் பிள்ளை பெயரில் டெபாசிட் போட்டிருக்கலாம். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்கும் சேர்த்து, ஆண்டில் ஒரு நாளாவது 10 ஆயிரம் டாலரைத் தாண்டினால் அதையும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். பெற்றோர் இந்த விவரத்தைப் பிள்ளையிடம் மறைக்கக்கூடாது.

உஷார்!

"வரி பாக்கி, உடனே பணம் கட்டு, இல்லாவிட்டால் கைது" என்று போனில் மிரட்டி மாணவர்களிடம் பணம் பறிக்கும் ஆசாமிகள் உண்டு. அமெரிக்க வரித்துறை வழக்கமாக முதலில் தபாலில்தான் கடிதம் அனுப்பும். பரிசு கார்டு வாங்கி நம்பர் சொல் என்று ஒருநாளும் கேட்காது.

அயல்நாட்டு மாணவர் விவகாரங்களைக் கவனிக்க அங்குள்ள கல்லூரிகளில் தனி அலுவலகம் இருக்கிறது. எந்தப் படிவம் என்று சந்தேகம் வந்தால் முதலில் அங்கே விசாரிப்பது நல்லது.

அடுத்த தடவை பிள்ளை போனில் பேசும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு, "வரிக் கணக்கு அனுப்பிட்டியாப்பா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.