ஒரே ஊசி, இரண்டு வீடு



இந்த முறை கரவெட்டியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, தெல்லிப்பழை வைத்தியசாலையில் மருந்து ஏற்றுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்க்க நான் லீவில் வந்திருக்கிறேன். சம்பளத்தோடு லீவு. அந்த ‘சம்பளத்தோடு’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தோட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம், அவரைப் போல ஒருவர் உங்கள் தோட்டத்திலும் இருப்பார். அவருக்கும் அதே நோய். அவருக்கும் மூன்று கிழமைக்கு ஒரு தடவையாக எட்டு ஊசி. முதல் நான்கு தடவை டொக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்தும் சைக்ளோபொஸ்பமைட்டும். அடுத்த நான்கு தடவை பக்லிடக்சல். அவருடைய கிளினிக் கொப்பியையும் அம்மாவுடைய கொப்பியையும் வைத்துப் பார்த்தேன். மருந்து ஒன்றுதான். இரண்டு பேருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான்.

அம்மா நாலாவது ஊசியை முடித்துவிட்டார். அக்கா ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்.

ஏன் நிறுத்தினார் என்று லயத்தில் கேட்டால் ஒரே பதில்தான்: "ஊசி தாங்கல." தலைவர்களும் அதையே சொல்கிறார்கள். துரையும் அதையே சொல்கிறார். எல்லாருக்கும் வசதியான பதில். ஊசிமேல் பழியைப் போட்டால் மனிதர் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஊசி என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். புற்றுநோய்க் கலம் வேகமாகப் பெருகும். வேகமாகப் பெருகும் கலங்களை இந்த மருந்து தாக்குகிறது. ஆனால் மயிர் வேரிலும், வாயின் உட்தோலிலும், குடலிலும், எலும்பு மச்சையிலும் இருக்கிற நல்ல கலங்களும் வேகமாகப் பெருகுகிறவைதான். அவையும் அடி வாங்குகின்றன. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, சத்தி வருகிறது, வயிறு போகிறது. எலும்பு மச்சை அடி வாங்குவதால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைகின்றன. ஊசி போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை அவை மிகவும் தாழ்ந்து நிற்கும். அந்த நாட்களில் சின்னக் கிருமியும் ஆளை விழுத்திவிடும். நல்ல கலங்கள் மீண்டும் வளரும். முடியும் வரும். இடையில் உள்ள நாட்களைக் கடப்பதுதான் பாடு.

அந்த நாட்களைக் கடக்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ் சொல்லித்தருகிறார். அந்தப் புத்திமதிகள் எல்லாம் சரியானவை. ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு வீட்டிலும் வைத்துப் பாருங்கள்.

"ஓய்வெடுங்கள்" என்கிறார்கள். அம்மா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருக்கிறார். ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. அக்கா மூன்றாம் நாள் பெரட்டுக்குப் போனார். பேர் விழுந்தால்தான் சம்பளம்.

"கொதித்தாறிய நீர் நிறையக் குடியுங்கள், மூத்திரப்பைக்கு நல்லது" என்கிறார்கள். அம்மாவுக்குக் கிணறு முற்றத்தில், கக்கூஸ் வீட்டுக்குள். மலையில் நிற்கிற பெண் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறாள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க எங்கே இடம்?

"இரண்டு நாளைக்கு மலசலத்திலும் சத்தியிலும் மருந்து கலந்திருக்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கக்கூசுக்கு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்" என்கிறார்கள். அக்காவின் லயத்தில் ஒரு கக்கூசுக்கு மூன்று குடும்பம். தண்ணீர் பீலியிலிருந்து வாளியில் வர வேண்டும்.

"காய்ச்சல் 38 பாகைக்கு, அதாவது பரனைற்றில் 100.4க்கு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், விடியும் வரை காத்திருக்காதீர்கள்" என்கிறார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு அம்மாவுக்கு ஓர் இரவு காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விடியும்போது நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு மூன்றாவது ஊசி போட்டு ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார். பனடோல் சூட்டைத்தான் மறைக்கும், கிருமியைக் கொல்லாது. இரவு உடம்பு நடுங்கத் தொடங்கியபோது தோட்டத்து வாகனம் கேட்டு மகன் ஓடினான். டிரைவர் இல்லை என்றார்கள். விடிந்து கொழுந்து லொறியில்தான் ஏற்றினோம். அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பித்தானா நம் பெண்கள் வைத்தியம் செய்ய வேண்டும்?

ஐந்தாவது ஊசி பக்லிடக்சல். அது நரம்பைப் பிடிக்கும். விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும். அக்கா என்னிடம் சொன்னார்: "டீச்சர், நான் கொழுந்து எடுக்குறேனா, முத்தின எலயக் கிள்ளுறேனான்னே வெரலுக்குத் தெரியல." அன்று நிறுக்கும்போது தரமில்லை என்று கிலோவை வெட்டினார்கள். மிச்சம் குறைந்த கிலோவுக்கு அரைப்பேர். அந்த மாதம் தீபாவளி முற்பணமும் பிடித்தார்கள். கையில் வந்ததைப் பார்த்துவிட்டு, "முற்பணம் கட்டி முடியட்டும் டீச்சர், பொறகு பார்ப்போம்" என்றார்.

தோழர்களே, ஊசி தாங்காமல் அவர் நிற்கவில்லை. சத்தியைத் தாங்கினார். மொட்டைத் தலையைத் தாங்கினார். "அவளுக்கு ஒட்டிக்கிற நோய்" என்று பீலியடியில் பேசியதையும் தாங்கினார். புற்றுநோய் ஒட்டாது என்பதைக்கூட நாம் லயத்தில் போய்ச் சொல்லவில்லை. அவருக்குத் தாங்க முடியாமல் போனது சம்பளச் சிட்டைதான்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. அதன்படி காரியாலயத்தில் இருப்பவருக்கு வருடத்தில் 7 நாள் சம்பள லீவு உண்டு. சுகமில்லை என்றாலும் எடுக்கலாம். புற்றுநோய்க்கு அது எந்த மூலைக்குக் காணும்? ஆனாலும் அது ஏதோ ஒன்று. மலையில் நிற்பவருக்கு அந்தச் சட்டமும் பொருந்தாது. வருட லீவும் எத்தனை நாள் வேலை செய்தோம் என்று எண்ணித்தான் கிடைக்கும். நோயால் வேலைக்குப் போகாதவருக்கு அதுவும் சுருங்கும்.

கடலுக்கு அப்பால் பாருங்கள். இந்தியாவில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே நோய்க்காலக் கொடுப்பனவு எழுதப்பட்டது. அங்கே தொழிலாளர் அரசுக் காப்புறுதியில் சேர்ந்தவருக்குப் புற்றுநோய் வந்தால் சம்பளத்தில் 80 வீதம், இரண்டு வருடம் வரை கிடைக்க வழியிருக்கிறது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அங்கே கேட்டு வாங்குவதற்கு ஒரு சட்டமாவது இருக்கிறது. நமக்குக் கேட்பதற்கே வாசகம் இல்லை.

நமக்கு இருப்பது என்ன? வருகைக் கொடுப்பனவு! 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அது 60 ரூபா. 2019இல் எடுபட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 1,550, அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு 200 என்று அறிவித்தார்கள். சம்பளம் கூடுவதை நான் வேண்டாம் என்று சொல்வேனா? ஆனால் வருகைக்குப் பணம் என்றால், வர முடியாதவருக்குத் தண்டம் என்றுதான் அர்த்தம். ஊசி போட்டுப் படுத்திருப்பவர் நாளொன்றுக்கு 1,550ஐயும் இழக்கிறார், 200ஐயும் இழக்கிறார்.

நான் கணக்கு வாத்திச்சி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எட்டு ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு பத்து நாள் வேலைக்குப் போக முடியாது என்று வையுங்கள். 80 நாள். நாளுக்கு 1,750 வீதம் 140,000 ரூபா. ஒரு பெண் சிகிச்சையை முழுதாக முடிப்பதற்குத் தோட்டம் தர வேண்டியது இவ்வளவுதான். ஒரு தோட்டத்தில் ஒரு வருடத்தில் எத்தனை பேருக்கு இது வரும்? கை விரல்விட்டு எண்ணலாம். இதைக் கொடுத்தால் கம்பனி முறிந்துவிடும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துச் சரிபார்க்கட்டும்.

"வேலை செய்யாதவளுக்குச் சம்பளமா?" என்று கேட்பார்கள். பிரசவச் சகாயச் சட்டம் 1939இல் வந்தது. இன்று பிள்ளை பெறுகிற பெண்ணுக்கு 84 நாள் சம்பளத்தோடு லீவு. அவளும் அந்த 84 நாளும் கொழுந்து எடுப்பதில்லை. அதற்காகத் தேயிலைச் செடி பட்டுப்போகவில்லை. 84 நாள் கொடுக்க முடிந்த தோட்டத்துக்கு 80 நாள் கொடுக்க முடியாதா?

இனி நம் பக்கம். மற்றவரைக் கேட்பதற்கு முன் நம்மைக் கேட்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு நாம் எழுதிய கோரிக்கைகளில் நோய் லீவு எத்தனையாவது இடத்தில் இருந்தது? எந்த இடத்திலும் இருக்கவில்லை. மாதர் கமிட்டியில் நானும் இருக்கிறேன்; நானும் எழுதவில்லை. மார்பில் வருகிற நோய் என்றால் அது வீட்டுக்குள் பேசும் விஷயம், பெண்டுகள் விஷயம் என்று ஆண் தலைவர்கள் ஒதுங்கினார்கள். நாங்களும் வெட்கப்பட்டு ஒதுங்கினோம். சந்தாவில் பாதிக்கு மேல் கட்டுவது கொழுந்து எடுக்கிற பெண்கள் என்பதை மறந்துவிட்டோம்.

ஊர் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கேயே சாட்சி இருக்கிறது. 2011 ஜூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் எழுந்த புற்றுநோய்ப் பிரிவில்தான் அம்மாவுக்கு ஊசி போடுகிறார்கள். 2023இல் நாமும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம், 200 வருடத்து வலியைச் சொல்வதற்கு. நடக்கத் தெரிந்த மக்கள் நாம். இதற்காகவும் கொஞ்சம் நடப்போம்.

மாவட்டக் கமிட்டி முன் நான் வைக்கும் கோரிக்கைகள்:

1. புற்றுநோய்ச் சிகிச்சைக் காலம் முழுவதும் கிளினிக் கொப்பியைக் காட்டினால் சம்பளத்தோடு நோய் லீவு. வருகைக் கொடுப்பனவும் வெட்டப்படக் கூடாது.

2. திரும்பி வருபவருக்கு முழுப்பேரோடு இலகு வேலை. அக்குளில் கட்டி எடுத்த பக்கத்துக் கை வீங்கும். அந்தக் கையில் பாரம் ஏற்றக் கூடாது. அவரை மருந்தடிக்கிற மலைக்கும் அனுப்பக் கூடாது.

3. சிகிச்சை முடியும் வரை முற்பணம் பிடிப்பதை நிறுத்திவைக்க வேண்டும்.

4. இரவிலும் டிரைவரோடு ஒரு வாகனம். கொழுந்து லொறி அம்பியூலன்ஸ் அல்ல.

5. 35 வயதான ஒவ்வொரு பெண்ணும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போக ஒரு நாள் முழுப்பேர். கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் சிகிச்சையும் இலகு.

இவை வரும் வரை, இன்று ஊசி போடுகிற சகோதரிகளுக்கு அம்மாவின் கட்டிலருகில் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். சத்திக்குத் தந்த ஒன்டன்செட்ரன் குளிசையைச் சத்தி வந்த பிறகு தேடாதீர்கள். சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள்: கஞ்சி, அவித்த கிழங்கு, நன்றாக வேகவைத்த முட்டை. பழையதும் பச்சையாகத் தின்பதும் வேண்டாம். வாய்ப்புண்ணுக்கு, கொதித்தாறிய நீரில் கொஞ்சம் உப்பும் அப்பச்சோடாவும் கலந்து நாளுக்கு நாலைந்து தடவை கொப்பளியுங்கள். அந்த நாட்களில் வெற்றிலையை விட்டுவிடுங்கள். வயிறு போனால் ஜீவனி கரைத்துக் குடியுங்கள். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிவப்பு மருந்து ஏற்றியபின் சிறுநீர் ஓரிரு நாள் சிவந்து போகும், பயப்படாதீர்கள். விரல் மரத்தால் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள்; மருந்தின் அளவை மாற்ற முடியும். நாட்டு மருந்து குடிப்பதற்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள். வீட்டில் ஒரு தேர்மோமீற்றர் வையுங்கள். வாங்க முடியாவிட்டால் தோட்டக் கமிட்டி வாங்கட்டும். லயத்துக்கு ஒன்று வைப்பது சங்கத்துக்குப் பெரிய செலவில்லை. பிரதேச செயலகத்தில் நோயாளருக்கான உதவிப் பணத்துக்கு எழுதிப்போடுங்கள். படிவம் நிரப்ப ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஓர் ஆசிரியர் இருக்கிறார்.

நேற்றிரவு அம்மாவுக்கு அக்காவின் கதையைச் சொன்னேன். வாய்ப்புண்ணோடு மெல்லக் கேட்டார்: "எனக்கு இவ்வளவு பேர் நிக்கிறியள். அந்தப் பிள்ளைக்கு ஆர் நிக்கினம்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. சங்கத்திடம் இருக்க வேண்டும். அக்காவுக்கு இன்னும் மூன்று ஊசி மிச்சம். கிளினிக்குக்குத் திரும்பிப் போனால் மிச்சத்தை எப்படித் தொடர்வது என்று வைத்தியர் முடிவு சொல்வார். போவதற்குப் பஸ் காசும், போன நாளுக்குப் பேரும், அன்றிரவு பக்கத்தில் இருக்க ஓர் ஆளும் வேண்டும். அடுத்த சம்பள நாளுக்கு முன் எங்கள் தோட்டக் கமிட்டி கூடி இந்த மூன்றையும் முடிவுசெய்ய வேண்டும். நான் திங்கட்கிழமை மலைக்குத் திரும்புகிறேன். முதல் வேலையாக அக்காவின் காம்பராவுக்குத்தான் போவேன். தலைவர்களும் கூட வாருங்கள். வெறுங்கையோடு வராதீர்கள்.