நாவின் கட்டு அவிழ, அருகில் ஒருவர்



சில ஆண்டுகளுக்கு முன்பு, கோடைக்கால மேய்ப்புப் பணிக்காக அமெரிக்காவில் ஒரு பங்கில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். ஆலயத்துக்கு அருகில் ஒரு பொது நூலகம். அங்கே மூலையிலிருந்த சிறு மேசையில் வாரத்துக்கு இருமுறை இருவரைக் காண்பேன். ஒருவர், பணி ஓய்வு பெற்ற அம்மையார். மற்றவர், உணவகத்தில் பாத்திரம் கழுவும் நடுத்தர வயதுக்காரர். மத்திய அமெரிக்க நாடொன்றிலிருந்து வந்தவர். மேசைமீது பெரும்பாலும் பாடநூல் இருக்காது. ஒருநாள் மருந்துக் குப்பி, ஒருநாள் மகளின் பள்ளியிலிருந்து வந்த கடிதம், இன்னொருநாள் வாடகை ஒப்பந்தம். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, சொல் கிடைக்காமல் திணறுவார். அந்த அம்மா உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். புன்னகையோடு காத்திருப்பார்.

என் முதல் ஞாயிறு மறையுரை முடிந்ததும் அதே அம்மையார் என்னிடம் வந்தார். "நன்றாக இருந்தது, ஃபாதர். ஆனால் பாதிதான் புரிந்தது" என்றார். குருமடத்தில் இறையியலை ஆங்கிலத்திலேயே படித்துத் தேறியவன் நான். முகம் சுருங்கிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மேசையின் மூன்றாவது நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். மறையுரையை வாசித்துக் காட்டுவேன்; எங்கே வேகம் கூடுகிறது, எந்தச் சொல் காதில் விழவில்லை என்று அவர் சொல்வார். பட்டம் பெற்ற எனக்கே அவ்வளவு கூச்சம் என்றால், பள்ளிக்கே போகாத ஒருவருக்கு எப்படி இருக்கும்?

2025-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த செய்திகளைப் படித்தபோது அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச் 1-ஆம் தேதி, ஆங்கிலமே அந்நாட்டின் அதிகாரப்பூர்வ மொழி என்று அரசுத்தலைவர் டிரம்ப் ஆணை பிறப்பித்தார். நடுவண் அரசின் அளவில் இப்படி ஒரு மொழி அறிவிக்கப்பட்டது அந்நாட்டு வரலாற்றில் இதுவே முதல்முறை. ஆங்கிலம் அறியாதோருக்கு மொழி உதவி கிடைக்க வழிசெய்த, 2000-ஆம் ஆண்டின் கிளின்டன் கால ஆணையும் அதே நாளில் நீக்கப்பட்டது. துறைகள் விரும்பினால் அந்த உதவியைத் தொடரலாம். ஆனால் கட்டாயம் இல்லை. ஆங்கிலம் சரளமாகப் பேச இயலாதோர் அந்நாட்டில் இரண்டரைக் கோடிக்கும் மேல்.

குடியுரிமைத் தேர்வும் கடினமாக்கப்பட்டது. முன்பு 100 வினாக்களைப் படித்து, கேட்கப்படும் 10-இல் 6-க்குச் சரியாகப் பதில் சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போர் 128 வினாக்களைப் படித்து, 20-இல் 12-க்குப் பதில் சொல்ல வேண்டும். முதியோர் சிலருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமேனும் வாசித்தும் எழுதியும் காட்ட வேண்டும்.

குடியேறிய நாட்டின் மொழியைக் கற்றுக்கொள் என்பது தவறான கோரிக்கையா? இல்லை. நான் சந்தித்த புலம்பெயர்ந்தோரில் அதை விரும்பாதவர் எவரும் இல்லை. மருத்துவரிடம் தன் வலியைத் தானே சொல்ல வேண்டும், மகனின் ஆசிரியரிடம் தலைநிமிர்ந்து பேச வேண்டும் என்பது அவர்களின் ஏக்கம். ஆனால் 'கற்றுக்கொள்' என்று கட்டளையிடுபவர், கற்கும் வாய்ப்பைத் தருகிறாரா என்பதே கேள்வி. அதே 2025 ஜூலையில், பள்ளிகளுக்கும் வயதுவந்தோர் கல்விக்கும் உரிய ஏறத்தாழ 680 கோடி டாலர் நிதியை அரசு நிறுத்தி வைத்தது. வயதுவந்தோருக்கான ஆங்கில வகுப்புகளும் அதில் அடங்கும். பலத்த எதிர்ப்புக்குப்பின் அம்மாத இறுதியில் நிதி விடுவிக்கப்பட்டது. ஆனால் நிச்சயமின்மையில் வகுப்பு நடத்த முடியுமா?

இதைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. ஆலயம், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்றக் கைது நடவடிக்கைகளைத் தவிர்க்கும் வழிகாட்டுநெறி, 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. பங்கு மன்றத்தின் வகுப்பறைக்கு வருவதற்கே அஞ்சும் நிலை வந்துவிட்டால், யார் எங்கே மொழி கற்பது?

இங்கேதான் அந்தச் சிறு மேசையின் பெருமை விளங்குகிறது. அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஃபிராங்க் லாபாக் என்ற மறைப்பணியாளர், 1930 வாக்கில் பிலிப்பைன்சின் மிந்தனாவோ தீவில் மரனாவோ மக்களிடையே எழுத்தறிவுப் பணி செய்தார். உலகப் பொருளாதார மந்தத்தால் பணம் வருவது நின்றது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை. அப்போது அம்மக்களின் தலைவர் ஒருவர், கற்றவர் ஒவ்வொருவரும் கல்லாத ஒருவருக்குக் கற்பிக்கட்டும் என்றாராம். 'ஒருவருக்கு ஒருவர்' என்ற இயக்கம் பின்னர் உலகெங்கும் பரவியது. பணம் இருந்த இடத்தில் அல்ல, பணம் தீர்ந்த இடத்தில் பிறந்த வழி அது!

1960-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் ரூத் கால்வின் என்ற இல்லத்தரசி, தம் பகுதியில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு எழுத்தறிவு இல்லை என்ற செய்தியைப் படித்தார். அதைக் கடந்து போக அவரால் முடியவில்லை. 1962-இல் தம் வீட்டிலிருந்தே தன்னார்வ ஆசிரியர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அதுவும் லாபாக்கின் அமைப்பும் 2002-இல் இணைந்து 'புரோலிட்டரசி' ஆனது. ரூத் கால்வின் 2024 ஆகஸ்டில், 107-ஆம் வயதில் காலமானார். கேத்தலிக் சேரிட்டீஸ் அமைப்பும் பல மறைமாவட்டங்களில் இத்தகைய ஆங்கில வகுப்புகளை நடத்தி வருகிறது.

இப்பணிக்கு என்ன தகுதி வேண்டும்? பட்டம் வேண்டாம், சில மணிநேரப் பயிற்சி போதும். ஆனால் நான் அந்த மேசையில் பார்த்த மூன்று ஒழுக்கங்கள் வேண்டும். முதலாவது, கற்பவருக்கு எது தேவை என்று அவரிடமே கேட்பது. அவருக்கு வேண்டியது இலக்கணமா, மருந்துச் சீட்டா? இரண்டாவது, ஆசிரியரைவிடக் கற்பவர் அதிகம் பேசுவது. ஒவ்வொரு பிழையையும் திருத்தினால் அவர் வாயே திறக்கமாட்டார். மூன்றாவது, சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வருவது. அவர் இரண்டு பேருந்து மாறி, ஒருமணி நேரக் கூலியை இழந்து வந்திருப்பார். நாம் காரணம் சொல்லி வராமல் போனால், மொழியை மட்டுமல்ல, மனிதர்மீதுள்ள நம்பிக்கையையும் அவர் இழப்பார்.

இதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒருவர் கற்பித்து இரண்டரைக் கோடிப் பேரை எட்ட முடியாது. தன்னார்வலரின் அன்பு அரசின் கடமையை விழுங்கிவிடக்கூடாது. "ஆலயங்கள் பார்த்துக்கொள்ளும்" என்று ஆட்சியாளர் கைகழுவினால், நம் தொண்டே அநீதிக்குத் திரையாகிவிடும். எனவே கற்பிக்கவும் வேண்டும். நீதிக்காகக் குரல் கொடுக்கவும் வேண்டும். அந்த அம்மையார் இரண்டையும் செய்தார். சனிக்கிழமை சொல்லிக் கொடுப்பார். திங்கட்கிழமை நூலகத்துக்கான நிதியைக் குறைக்க வேண்டாம் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதுவார்.

மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், காதுகேளாத, திக்கிப் பேசும் ஒருவரை இயேசுவிடம் கொண்டு வருகிறார்கள். எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே இயேசு அவரைக் குணமாக்கியிருக்கலாம். ஆனால் கூட்டத்தை விட்டு அவரை அப்பால் கூட்டிப்போகிறார். ஏன்? அவருடைய திக்கல் பிறருக்கு வேடிக்கையாகக் கூடாது என்பதற்காக இருக்கலாம். தயங்கும் நாவுக்குக் கூட்டம் உதவாது. அருகில் ஒருவர் வேண்டும். முதலில் செவியைத் தொடுகிறார், பிறகுதான் நாவை. கேட்கப்பட்டவரே பேசத் துணிவார் என்பதை அந்த மேசையில் நான் கற்றேன்.

இது அமெரிக்காவின் கதை மட்டும்தானா? நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலியின்போது ஆலயத்தின் பின்வரிசையில் நிற்கும் இளைஞர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். அவர்களில் பலர் நம் கத்தோலிக்க உடன்பிறப்புகள். பேருந்தின் பெயர்ப்பலகை அவர்களுக்குப் புரியாது. அடிபட்டு மருத்துவமனைக்குப் போனால் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. நாமோ பல வேளைகளில் 'வடக்கன்' என்ற ஒரு சொல்லோடு அவர்களைக் கடந்துவிடுகிறோம். வெளிநாட்டில் நம் பிள்ளைகளை எவரேனும் அப்படி அழைத்தால் நம் மனம் என்ன பாடுபடும்?

ஒவ்வொரு பங்கிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு மாலை பங்கு மன்றமும் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாரம் ஒருமணி நேரம், இவ்வளவுதான் செலவு.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு, திருப்பலி முடிந்து வாசலில் நின்றேன். பாத்திரம் கழுவும் அந்த நண்பர் தம் மகளோடு வந்தார். ஆங்கிலத்தில் மெல்ல, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார்: "ஃபாதர், இன்று உங்கள் மறையுரை எனக்குப் புரிந்தது." நான் பேசக் கற்றிருந்தேனா, அவர் கேட்கக் கற்றிருந்தாரா? இருவருக்கும் இடையே அமர்ந்து காத்திருந்த ஒருவரால் இரண்டும் நடந்தன.

அடுத்த ஞாயிறு, பின்வரிசையில் நிற்பவரிடம் முதலில் அவர் பெயரைக் கேட்போமா?