முள்ளெலியின் மாரித்துயில்

பிரித்தானிய வீட்டுத் தோட்டங்களிலே, சருகுக் குவியலுள் பந்துபோற் சுருண்டு, குளிர்காலத்தைத் துயிலிலே கழிக்கும் சிறு பிராணி முள்ளெலி. நம் நாட்டு முள்ளம்பன்றி வேறு, இது வேறு. விழித்திருக்கையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 190 முறை துடிக்கும் அதன் இருதயம், துயிலின்போது 20 முறையளவே துடிக்கும். இலையுதிர்காலத்தில் உண்டு சேர்த்த கொழுப்பே அதற்குக் கட்டுச்சோறு.

இடையிடையே விழிப்பது அதன் இயல்பே. ஆயினும், ஒவ்வொரு விழிப்பிலும் குளிர்ந்த உடலைச் சூடாக்கக் கொழுப்புப் பெரிதும் செலவாகிறது. வெளியிலோ வண்டும் புழுவும் அரிது. பசியால் தள்ளாடும் அதனைக் கண்டு இரங்குவோர், கிண்ணத்திற் பால் வைப்பதுண்டு. அந்தப் பாலே வயிற்றுப்போக்கை உண்டாக்கி, உயிருக்கு உலை வைத்துவிடக்கூடும். அதற்கு வேண்டியவை தண்ணீரும், பூனைக்கு இடும் இறைச்சியுணவுமே.

மாணவர்களே, இரங்கும் நெஞ்சுக்கு அறிவும் துணைநிற்றல் வேண்டும்.