காந்தத்தைக் கழட்டிட்டு அப்புறம் பேசுங்க!

ஸ்லாட் கார் விமர்சனம் எழுதுற மகா ஜனங்களே, ஒரு நிமிஷம். "என்னா ஹேண்ட்லிங்! வளைவுல அப்படியே ஒட்டிக்குது"ன்னு புல்லரிக்கிறீங்களே, ஒட்டுறது காரா? அடியில இருக்குற காந்தம்ங்க! ட்ராக்ல பதிச்சிருக்கிற மின்சாரப் பட்டை இரும்பு. அதை காந்தம் இழுக்குது. இதுல காரோட திறமை எங்கேர்ந்து வந்துச்சு?

என்கிட்ட 1/32 அளவுல ஒரு ஃபோர்டு ஜிடி40 இருக்கு. அழகுக்கு முழு மார்க். 1968, 1969னு ரெண்டு வருஷமும் லெ மான்ஸ் ஜெயிச்ச ஒரே வண்டியோட வெளிர்நீலம், நடுவுல ஆரஞ்சுப் பட்டை. காந்தத்தோட ஓட்டினா பறக்குது. ஆனா எல்லை தாண்டினா எச்சரிக்கையே கிடையாது. பின்பக்கம் லேசா விலகினதும் இழுவிசை சட்டுனு குறையுது, கார் சோபாவுக்கு அடியில!

கழட்டிட்டேன். முதல் சுத்துலயே வால் ஆடுச்சு. பின் டயரை உப்புத்தாள்ல தேய்ச்சு வட்டமாக்கி, பாடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினேன். இப்ப வழுக்குறது கண்ணுக்குத் தெரியுது. விரலைத் தளர்த்தினா திரும்பி வருது. வேகம் குறைவுதான். ஆனா ஓட்டுறது நான்!

"அப்ப குழந்தைங்க?"ன்னு கேப்பீங்க. அவங்களுக்கு காந்தம் இருக்கட்டும், நியாயம். தீர்ப்பு சொல்ற நமக்கு எதுக்கு? மரப்பலகையில பள்ளம் வெட்டி, செம்புப் பட்டை ஒட்டின ட்ராக்ல உங்க சூப்பர் காரை விட்டுப் பாருங்க. செம்பை காந்தம் இழுக்காதுங்கோ!